வேளச்சேரிப் பக்கம் இரவில் நடக்க இடம் இருக்கிறதா?

வணக்கம் தோழிகளே. எனக்கு 41 வயது, உயரம் 160 செ.மீ., எடை 74 கிலோ. பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் அளவு) கிட்டத்தட்ட 29. இந்தியர்களுக்கு 25 வந்தாலே உடல் பருமன் கணக்குதான் என்று டாக்டர் சொன்னபோதுதான் உறைத்தது. பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 செ.மீ.க்குள் இருக்க வேண்டுமாம். என்னுடையதைச் சொல்லப் போவதில்லை.

காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுவது சாப்பாட்டுக்கும் பாத்ரூமுக்கும் மட்டும். ஆபீஸ் கேப் வீட்டு வாசலுக்கே வருகிறது. கொத்தமல்லிக் கட்டுகூட ஆப்பில் வந்துவிடுகிறது. ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டினேன், போனது பதினோரு நாள்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட வேக நடை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், தினம் அரை மணி. சரி, எங்கே நடப்பது? எங்கள் தெரு நடைபாதை முழுக்க பைக், இருட்டினால் நாய்கள். மொட்டை மாடியில் எட்டுப் போட்டு நடந்தேன்; நாலாம் நாளே முட்டி வலி.

இரவு எட்டுக்கு மேல் பெண்கள் தனியாக நடக்கத் தோதான பூங்கா இந்தப் பக்கம் எது? முட்டி வலியோடு நடக்கத் தொடங்கியவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? என்ன செருப்பு, ஷூ போட்டீர்கள்?

டயட் பவுடர் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வர வேண்டாம். காலை ஐந்து மணிக்கு எழுந்திரு என்பவர்களும்தான்.