கூப்பிட்டால் இரண்டடி தள்ளியே நின்றுவிடுகிறாள், என்ன செய்வது?

கேள்வி

எங்கள் நாய்க்குட்டி சிட்டுவுக்கு ஏழு மாதம். உட்கார், இரு, கை கொடு எல்லாம் தின்பண்டம் கொடுத்தே சொல்லிக் கொடுத்தேன், சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஐந்து மாதம் வரை பெயரைச் சொன்னாலே ஓடி வந்து காலைச் சுற்றுவாள்.

போன மாதம் ஒரு நாள் கேட் திறந்திருந்தது, வெளியே ஓடிவிட்டாள். வண்டிகள் வேகமாகப் போகும் சாலை. இருபது நிமிடம் தொண்டை வறளக் கூப்பிட்டேன். கடைசியில் அவளாகவே திரும்பினாள். தலையைத் தாழ்த்தி, வாலைக் காலுக்கு நடுவே செருகிக்கொண்டு மெல்ல வந்தாள். பயமும் கோபமும் சேர்ந்து முதுகில் இரண்டு அடி வைத்துவிட்டேன். செய்தது தப்பென்று அவளுக்கே தெரிந்துதான் அப்படி வந்தாள் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து கூப்பிட்டால் கை எட்டாத தூரத்தில் நின்றுவிடுகிறாள். தின்பண்டத்தைக் காட்டினால் மட்டும் கழுத்தை நீட்டி வாங்கிக்கொண்டு துள்ளி ஓடிவிடுகிறாள். தீனி காட்டிப் பழக்கியதால் வந்த வினை, நன்றாக இரண்டு போட்டால் சரியாகும் என்கிறார் மாமனார். நான் கொடுத்ததெல்லாம் லஞ்சம்தானா? அவள் பழையபடி வருவாளா?

பதில் 1

வருவாள். ஆனால் முதலில் அந்த நாளை சிட்டுவின் பக்கம் நின்று பாருங்கள். தெருவில் சுற்றினாள், ஒன்றும் ஆகவில்லை. உங்களிடம் வந்தாள், அடி விழுந்தது. ஒரு செயலும் அதன் விளைவும் ஓரிரு வினாடிக்குள் அடுத்தடுத்து வந்தால்தான் நாயின் மனதில் இரண்டும் முடிச்சு விழும். அந்த அடி இருபது நிமிடத்துக்கு முன் கேட்டைத் தாண்டியதற்கு என்று அவள் எப்படிக் கணக்குப் போடுவாள்? கடைசியாகச் செய்தது உங்களிடம் வந்ததுதான்.

தலையைத் தாழ்த்தி வந்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் குரலில் இருந்த கோபத்தைத் தணிக்கப் பார்க்கும் உடல்மொழி. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 வீட்டு நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னாதே என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவரிடம் சொல்வார்கள், சில முறை வேண்டுமென்றே மாற்றிச் சொல்வார்கள். அந்தக் 'குற்றமுள்ள முகம்' திட்டு வாங்கியபோதுதான் அதிகம் தெரிந்தது. உண்மையில் தின்றதா என்பதோடு அதற்குத் தொடர்பே இல்லை. மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். அவரும் சிட்டுவின் நன்மைக்காகத்தான் சொல்கிறார்.

என் நாய் வீராவிடம் நானும் இதே தப்பைச் செய்தேன், அடிக்காமலே. குளிப்பாட்டவும், விளையாட்டை நிறுத்திக் கயிறு மாட்டவும் மட்டுமே அவனைக் கூப்பிட்டேன். இரண்டே மாதத்தில் 'வா' என்றதும் எதிர்ப்பக்கம் போக ஆரம்பித்தான். அவனைத் திரும்பக் கொண்டுவர எனக்கு அரை வருடம் பிடித்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். பழைய சொல்லை விட்டுவிடுங்கள், அதில் அடியின் ஞாபகம் ஒட்டியிருக்கிறது. நான் ஒரு சின்ன விசில் வாங்கினேன். வீட்டுக்குள், அவன் பக்கத்தில் இருக்கும்போதே ஊதுவேன், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழி. அவன் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒரு வாரம். விசில் சத்தத்துக்கே முகம் மலர்ந்த பிறகுதான் அடுத்த அறையிலிருந்து ஊதினேன், அப்புறம் முற்றத்திலிருந்து.

கை எட்டாமல் நிற்பதற்குத் தனிப் பாடம் வேண்டும். இதில் வரிசை மிக முக்கியம்: முதலில் தாடைக்குக் கீழே விரல் பட வேண்டும், பிறகு தின்பண்டம் வர வேண்டும். இப்போது உங்கள் வீட்டில் இது தலைகீழாக நடக்கிறது. தின்பண்டம் நீளுகிறது, அதன் பின்னால் பிடிக்கும் கை வருகிறது. அதனால் தின்பண்டமே அவளுக்கு எச்சரிக்கை ஆகிவிட்டது. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டு போகாதீர்கள். முதல் நாள் தாடையைத் தொட்டால் போதும். ஒரு வாரத்தில் கழுத்துப்பட்டையில் ஒரு விரல், அதன் பிறகு முழுப் பிடி. ஒவ்வொரு முறையும் பிடித்து, தின்பண்டம் கொடுத்துவிட்டு, போ என்று விட்டுவிடுங்கள். வந்தால் விளையாட்டு முடியாது என்று அவள் நம்ப வேண்டும். பத்தில் ஒன்பது முறை விட்டுவிட்டால் பத்தாவது முறை கயிறு மாட்டுவதைப் பொறுத்துக்கொள்வாள்.

லஞ்சம் பற்றி: வேலைக்கு முன்னால் காட்டுவது லஞ்சம், வேலை முடிந்ததும் தருவது கூலி. கை வெறுமையாக இருக்கட்டும், தின்பண்டம் பையிலோ அலமாரி மேலோ இருக்கட்டும். அவள் வந்த பிறகு எங்கிருந்தோ வர வேண்டும். கூலி கொடுக்க நாம் வெட்கப்பட வேண்டியதே இல்லை.

கூப்பிட்டால் வந்து பழகும் வரை வெளியே பத்து மீட்டர் நீளக் கயிறு கட்டாயம். அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் உடம்பைச் சுற்றும் ஹார்னஸில் மாட்டுங்கள், பட்டையில் மாட்டினால் ஓடிய வேகத்தில் கழுத்து வெட்டி இழுபடும். தப்பி ஓடினால் துரத்தாதீர்கள், எதிர்ப்பக்கம் ஓடுங்கள். பெரும்பாலான குட்டிகள் பின்னால் வந்துவிடும். எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும், உள்ளம் எவ்வளவு கொதித்தாலும், வந்தவளுக்கு நல்லது மட்டுமே நடக்க வேண்டும். இதில் மட்டும் விலக்கே வைக்காதீர்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு வயதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்படும் குட்டிகளை வைத்து 2020-இல் வந்த ஆய்வு ஒன்று, ஐந்து மாதத்தில் சொன்னபடி உட்கார்ந்த குட்டிகள் எட்டு மாதத்தில் வளர்ப்பவர் சொல்லை மட்டும் குறைவாகக் கேட்பதைக் காட்டியது. அந்நியர் சொன்னால் அந்தக் குறைவு இல்லை. பருவம் எட்டும் வயது அது. ஆகவே அடுத்த சில மாதம் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும், மனம் தளராதீர்கள்.

தின்பண்டத் துண்டு பட்டாணி அளவு போதும். நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டு, அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட், சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் சைலிட்டால் கலந்தவை எதுவும் கூடாது. வீட்டில் எல்லோரும் ஒரே விசில், ஒரே முறை ஊதுவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப ஊதினால் அது வெறும் பின்னணிச் சத்தம் ஆகிவிடும்.

கேள்வி கேட்டவர், ஐந்து வாரம் கழித்து

இருவருக்கும் நன்றி. முதல் பதிலைப் படித்த இரவு சிட்டுவின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் பத்து நாள் கையை நீட்டினாலே உடம்பைப் பின்னுக்கு இழுத்தாள். தாடைக்குக் கீழ் ஒரு விரல், ஒரு துண்டு, போ. இதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை. மூன்றாவது வாரம் பட்டையைப் பிடிக்க விட்டாள். முற்றத்தில் விசிலுக்கு அநேகமாக எல்லா முறையும் வருகிறாள். வெளியே நீளக் கயிற்றில் பாதி முறைதான், வேறு நாய் தெரிந்தால் அதுவும் இல்லை. இன்னும் தூரம் இருக்கிறது. மாமனார் இப்போது சட்டைப் பையில் தின்பண்டம் வைத்திருக்கிறார்.

நேற்று மாலை நான் விசிலே ஊதவில்லை, படியில் உட்கார்ந்திருந்தேன். தோட்டத்திலிருந்து வந்தவள் நேராக என் கைக்குக் கீழே கழுத்தை நுழைத்து, பட்டை விரலில் படும் வரை தள்ளிவிட்டு நின்றாள்.