ஆப்பிரிக்கா டிரக் பயணம் போனவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு விஷயம் சொல்லுங்கள்

சிவகாசி செல்வம்:

நைரோபியிலிருந்து கேப் டவுன், 57 நாள், 10 நாடு, பஸ் மாதிரி சீட் வைத்த ஒரே சுற்றுலா டிரக், 22 பேர், 2019. போய் வந்தவர்களுக்கு மற்றதெல்லாம் தெரியும். கூடாரம் அடிப்பது, முறை வைத்துச் சமைப்பது, கழுவிய தட்டைத் துணியால் துடைக்காமல் காற்றில் வீசி வீசிக் காய வைப்பது எல்லாம் பார்த்தவர்கள்தானே, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிங்கம் பார்த்த கதை வேண்டாம். எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

மலாவி ஏரிக்கரையில் இரண்டு நாள் நிறுத்தம். கேம்ப் வாசலைத் தாண்டினால் மரம் செதுக்குகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், சுற்றுலாக்காரர்களுக்காக ஆளுக்கொரு வேடிக்கைப் பெயர் வேறு. என்னைப் பிடித்துக்கொண்டவர் பெயர் சிக்கன் பீட்சா. மலாவி வரைபடம் மாதிரியே ஒல்லியாக அறுத்த மரத்துண்டில் பெயர் செதுக்கித் தருவார், சாவிக்கொத்துக்கு. 3000 குவாச்சா என்று பேச்சு முடிந்தது. தமிழில் செதுக்க முடியுமா என்று கேட்டேன். எழுதிக் கொடு, எதையும் செதுக்குவேன் என்றார். யார் எந்த நாள் சமைப்பது என்ற பட்டியல் தாளைக் கிழித்து, பின்பக்கம் "செல்வம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசி எழுத்தின் மேலே இருந்ததைக் காட்டி, இந்தப் புள்ளியும் வேண்டுமா, இல்லை பேனா மை சிந்தியதா என்று கேட்டார். எங்கள் மொழியில் புள்ளிதான் முக்கியம், புள்ளி போனால் பொருளே மாறிவிடும் என்று ஒரு சின்ன வகுப்பே எடுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் வாங்கிப் பார்க்கிறேன், "செலவம்" என்று இருக்கிறது. ம-வுக்கு மேலே ஆணியால் குத்தி, உருட்டி, அழகான புள்ளி. ல-வுக்கு மேலே ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்று அவ்வளவு சொன்னேனே என்று சத்தம் போட்டு, பாதிக் காசுதான் தருவேன் என்று 1500 வைத்தேன். அப்போது அது நம் பணத்தில் 150 ரூபாய்கூட இல்லை. அவர் சண்டை போடவில்லை. தாளைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார், மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டார்.

ராத்திரி பாத்திரம் கழுவும்போது பாக்கெட் நனையுதே என்று அந்தத் தாளை வெளியே எடுத்தேன். ல-வுக்கு மேலே நானே புள்ளி வைக்கவில்லை. காலை 5 மணிக்கு டிரக் கிளம்பிவிட்டது, அந்த நேரத்துக்குக் கடற்கரையில் யாரும் இல்லை. (ஏரிதான், ஆனால் அலை அடிக்கும், கடற்கரை என்றுதான் வாயில் வருகிறது.)

இதில் இன்னொன்று, எனக்கு அச்சகம். வாடிக்கையாளர் எழுதித் தரும் பிழைக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பில் புத்தகத்திலேயே அடித்து வைத்திருக்கிறேன்.

கவிதா ரா:

உங்களுக்குப் புள்ளி, எனக்குத் தயிர். 2018, சாம்பியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்குள் நுழைகிற கசுங்குலா. அப்போது பாலம் கிடையாது, ஜாம்பேசி ஆற்றில் தூண்கள் மட்டும் நின்றன. மிதவைப் படகில் ஒரு பெரிய லாரி ஏறினால் இடம் முடிந்தது, அதனால் கரையில் லாரி வரிசை முடிவே இல்லாமல் நிற்கும். டிரைவர்கள் லாரிக்கு அடியிலேயே ஹம்மக் கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

டிரக்கில் சைவம் நான் ஒருத்திதான். ஒரு மாதமாக ரொட்டி, பீன்ஸ், மறுபடி பீன்ஸ். சாம்பியாவில் லிவிங்ஸ்டன் ஊரில் பால் வாங்கி, கடையில் கிடைத்த புளித்த பாலில் ஒரு கரண்டி உறை ஊற்றி, என் லாக்கரில் துணிகளுக்கு நடுவில் டப்பாவைச் செருகி வைத்தேன். அந்தச் சூட்டில் நாலு மணி நேரத்தில் கெட்டியாக உறைந்துவிட்டது, வீட்டில்கூட எனக்கு அப்படி உறைந்ததில்லை. மத்தியானம் சோறு வடித்துப் பிசைந்து சாப்பிடுவது என்று முந்தின ராத்திரியிலிருந்தே கனவு.

போட்ஸ்வானா பக்கம் இறங்கியதும் கோமாரி நோய்ச் சோதனை. போட்டிருக்கிற செருப்போடு மருந்துத் தண்ணீரில் ஊறிய மெத்தையை மிதிக்க வேண்டும், பையில் இருக்கிற மற்ற செருப்பு ஷூவையும் கொண்டுவந்து நனைக்க வேண்டும். பச்சை இறைச்சி, பால் எதுவும் உள்ளே போகாது, அவர்களுக்கு மாடுதான் சொத்து. அதிகாரி ஒரு அம்மா. என் டப்பாவைத் திறந்து முகர்ந்தார். இது என்ன என்றார். புளித்த பால் என்றேன். கை கழுவிவிட்டு வந்து, ஒரு விரல் நுனி எடுத்து வாயில் வைத்தார். முகம் மாறியது. "மடிலா!" என்றார். அங்கே அவர்களுக்கும் இதே சாமான் இருக்கிறது, கஞ்சியில் ஊற்றிச் சாப்பிடுவார்களாம். எங்கள் அம்மாவும் வீட்டில் இப்படித்தான் செய்வார்கள் என்று சிரித்தபடி என் தோளில் தட்டினார். அப்பாடா, விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த நிமிடம் குப்பைத் தொட்டியைக் காட்டினார்.

இங்கேயே நின்று சாப்பிட்டு முடிக்கிறேன் என்று கெஞ்சினேன். பின்னால் பஸ் கூட்டம் நிற்கிறது என்றார். கரண்டியும் இல்லை. நானே கவிழ்க்க வேண்டும், அவர் தொடமாட்டாராம். கட்டி உடையாமல் அப்படியே வழுக்கி விழுந்தது. அவரும் பார்த்துக்கொண்டே நின்றார், "நல்ல மடிலா" என்று வேறு சொன்னார். அந்த அம்மாள் மேல் கோபப்படவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

மூத்த பயணி:

மன்னிக்கவும், ஆனால் நைரோபிக்குக் கீழே போவதையெல்லாம் ஓவர்லேண்ட், அதாவது தரைவழி நெடும்பயணம், என்று சொல்லாதீர்கள். தார் ரோடு, கேம்பில் நீச்சல்குளம், பார், வைஃபை. நாங்கள் 2010-ல் கெய்ரோவிலிருந்து கிளம்பினோம். எகிப்தின் அஸ்வானிலிருந்து சூடானின் வாடி ஹல்ஃபாவுக்கு வாரத்துக்கு ஒரு கப்பல், ஆட்கள் அதில், டிரக் தனியாக ஒரு மிதவையில், இரண்டும் எப்போது சேரும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இன்றைக்கு அங்கேயும் ரோட்டிலேயே எல்லை திறந்துவிட்டார்கள், 2014-ல். எத்தியோப்பியா எல்லை மொயாலேயிலிருந்து கென்யாவுக்குள் மார்சபிட் போகிற பாதை தெரியுமா? இப்போது தார் போட்டுவிட்டார்கள், அன்றைக்குப் பூராவும் கல்லும் அலை அலையான மேடும்தான், பல் ஆடும். எங்களுக்கு அந்த வழியில் டர்பி என்ற ஊர்ப் பக்கத்தில் டிரக்கின் பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்து இரண்டு ராத்திரி நடுக்காட்டில். ஒட்டகம் ஓட்டிக்கொண்டு வந்த கப்ரா என்ற மேய்ச்சல் இனத்துப் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்டாள். டிரக் லீடர் ஒரு கேன் மட்டும் என்றார், எங்களுக்கே எத்தனை நாள் என்று தெரியாது. அவள் அந்தக் கேனைத் திறந்து முதலில் கையில் இருந்த ஆட்டுக்குட்டிக்கு ஊற்றினாள். எங்களில் ஒருவன், குடிக்கத்தானே கொடுத்தோம் என்று முணுமுணுத்தான். அது நான்தான். சரி, அதை விடுங்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கடைசி வாரத்தில் போடாதீர்கள், போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். தனியார் ஆஸ்பத்திரியில் எங்கே வேண்டுமானாலும் போட முடியாது, அரசு அங்கீகரித்த மையம்தான், சென்னை என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். 2016-லிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், பழைய 10 வருடக் கணக்கைச் சொல்லி யாராவது மறுபடி போடச் சொன்னால் ஏமாறாதீர்கள். அட்டையைத் தொலைத்தால் அங்கே எல்லையில் தகராறு, அதைவிடத் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில் 6 நாள் வரை தனியறையில் வைத்துவிடுவார்கள். டாலர் எடுத்துப் போனால் 2006-க்கு முந்தின நோட்டு ஒன்றுகூட வேண்டாம், கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடமாட்டார்கள், ஓரம் கிழிந்திருந்தாலும் மடிப்பு விழுந்திருந்தாலும் திருப்பித் தருவார்கள். பிளாஸ்டிக் பை ருவாண்டாவில் 2008-லிருந்தே தடை, கென்யாவில் 2017, தான்சானியாவில் 2019, பெட்டிக்குள் துணி சுற்றின கவரைக்கூட எல்லையில் எடுக்கச் சொல்வார்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்க வேண்டும். நெற்றி விளக்கு இரண்டு. ஒன்று கட்டாயம் தொலையும். மலாவி ஏரியில் குளித்தவர்கள் ஊருக்கு வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், நத்தையிலிருந்து வருகிற புழு தோல் வழியாக உள்ளே போகும், மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. கவிதா, பாலமும் இப்போது வந்துவிட்டது, 2021 மே மாதம் திறந்தார்கள், 923 மீட்டர். அது வளைந்து போவதே ஜிம்பாப்வே எல்லையைத் தொடாமல் இருக்கத்தான். தயிரை இனி பாலத்தில் கொண்டுபோய்க் கொட்டலாம்.

மெட்ராஸ் மீனு:

மூத்த பயணி சார், ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு நத்தைக்குப் போய்விட்டீர்களே. கேட்டது அந்தக் கதையைத்தான். வைஃபை இருந்தால் பயணமே இல்லையா? தான்சானியாவின் செரெங்கேட்டி காட்டில் வேலி இல்லாத கேம்ப், ராத்திரி பாத்ரூம் போக வேண்டும், கூடார ஜிப்புக்கு வெளியே கழுதைப்புலி மூச்சு கேட்கிறது, காலை வரை அடக்கிக்கொண்டு கிடந்தேன். அங்கே வைஃபை இருந்திருந்தாலும் எனக்கு உதவியிருக்காது.

என்னுடையது எத்தியோப்பியா. கோண்டரில் மார்க்கெட் பக்கம் ஒரு பெரியவர், வெள்ளைப் பருத்திப் போர்வை போர்த்தியிருந்தார். இந்தியாவா என்றார். ஆமாம் என்றதும் ஸ்கூல் பையன் மாதிரி நிமிர்ந்து நின்று, "சைன் ஸ்கொயர் தீட்டா ப்ளஸ் காஸ் ஸ்கொயர் தீட்டா" என்று ஆரம்பித்தார். சுத்தமான மலையாள உச்சரிப்பு! கண்ணை மூடினால் கோட்டயம். அந்தக் காலத்தில் அங்கே பள்ளிக்கூடங்களுக்கு நம் ஊரிலிருந்து, முக்கியமாகக் கேரளாவிலிருந்து, நிறைய வாத்தியார்கள் போயிருக்கிறார்கள். அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் கோட்டயத்துக்காரர். அடித்தாரா என்று கேட்டேன். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் கணுவில் என்று காட்டினார், ரொம்பப் பெருமையாக.

சாரின் பழைய விலாசத்தை மனப்பாடமாகச் சொன்னார், வீட்டுப் பெயரோடு. எழுதிக்கொண்டேன். போய்ப் பார்த்து, கணக்கில் நான் பாஸ் என்று சொல்லு என்றார். டிரக் ஹாரன் அடித்துவிட்டார்கள். அது 2016. அந்த நோட்டு என் மேசையில்தான் இருக்கிறது. சென்னையிலிருந்து கோட்டயத்துக்கு ஒரு ராத்திரி ரயில்.

புதுப்பையன் 92:

அண்ணா, மொத்தம் எவ்வளவு செலவு ஆகும்? சுமாராகச் சொன்னாலும் போதும்.

அருள் பா:

தம்பி, வீட்டில் சொல்கிற கணக்கு வேறு, நிஜக் கணக்கு வேறு, எதைக் கேட்கிறாய்?

நான் வந்தது வேறு விஷயத்துக்கு. சுவாஹிலியில் எண் கற்றுக்கொண்டேன் என்று டிரக் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஜான்சிபார் தீவுக்குப் படகு எப்போது என்று விசாரிக்க என்னைத்தான் அனுப்பினார்கள். "சா ம்பிலி" என்றார் துறைமுகத்து ஆள். சா என்றால் மணி, ம்பிலி என்றால் இரண்டு. மதியம் 2 மணி, நிம்மதியாகத் தூங்குங்கள் என்று 14 பேரிடம் சொல்லிவிட்டேன். அங்கே பகல் கணக்கு விடிந்ததிலிருந்து தொடங்கும் என்று எனக்கு யார் சொன்னது? காலை 7 மணிதான் அவர்களுக்கு ஒன்று, 8 மணி இரண்டு. நாங்கள் பல் விளக்கும்போது படகு போய்விட்டது. கூட வந்த நியூசிலாந்துப் பெண்ணுக்கு அன்று பிறந்தநாள், ஜான்சிபாரில் இரவுச் சாப்பாட்டுக்கு மேசையெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். மூன்று நாள் ஒருவரும் என்னோடு பேசவில்லை. சமைக்கிற முறை வரும்போது வெங்காயம் நறுக்குவது முழுக்க என் தலையில்தான். மீனு, எத்தியோப்பியாவிலும் இதே கணக்குதான் இல்லையா? அங்கே வருடமே நமக்கு ஏழெட்டு பின்னால், மாதம் 13. நல்லவேளை, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மூத்த பயணி:

மீனுவுக்கு: அவள் குட்டிக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தை ஒட்டகத்தில் கட்டினாள். அவள் குடிக்கவே இல்லை. குடிக்கிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவுதான். நெற்றி விளக்குக்கு மாற்று பேட்டரியும் எடுத்துப் போங்கள்.

கவிதா ரா:

செல்வம் அண்ணே, அந்தச் சாவிக்கொத்து இப்போது எங்கே?

சிவகாசி செல்வம்:

பைக் சாவியில்தான். ஊருக்கு வந்ததும் காம்பஸ் முனையைச் சூடாக்கி, ல-வுக்கு மேலே நானே ஒரு புள்ளி வைத்துவிடலாம் என்று பார்த்தேன். மரம் கெட்டி, முனை வழுக்கிவிட்டது. இப்போது புள்ளி வ-வுக்கு மேலே இருக்கிறது.