நிதித் திட்டமிடலுக்குத் தனிப் பட்டம் தேவையா, சாதா பி.காம் போதுமா?

பிளஸ்டூ அப்பா:
பையன் காமர்ஸ் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறான். நிதி ஆலோசகர் ஆகணுமாம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நிதித் திட்டமிடலுக்கென்றே தனி இளங்கலைப் படிப்பு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கிறார்கள். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.காம் சீட்டும் கிடைத்துவிட்டது. எதில் சேர்ப்பது? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

ஏஆர்என்காரன்:
யோசிக்கவே வேண்டாம் சார், பி.காம். நான் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர், ஃபண்ட் விற்றுக் கமிஷன் வாங்குகிறவன். ஏஆர்என் என்பது எங்கள் பதிவு எண். இந்தத் தொழிலுக்குச் சட்டம் கேட்பது என்ஐஎஸ்எம் என்கிற பங்குச் சந்தைக் கல்வி நிறுவனத்தின் 5-ஏ தேர்வு மட்டும்தான். நூறு மார்க்குக்கு ஐம்பது எடுத்தால் பாஸ். ஏழரை லட்சம் கட்டிப் படித்தவனுக்கும் இதை மட்டும் எழுதிவிட்டு வந்தவனுக்கும் ஒரே கமிஷன்தான்.

காமர்ஸ் மேடம்:
ஐம்பது மார்க்கில் உள்ளே வந்துவிடலாம் என்பதுதானே இந்தத் துறையின் சீக்கே? வருடம் 25,000 வீதம் இருபது வருடம் கட்டினால் முடிவில் 9 லட்சம் தருகிற ஒரு சேமிப்பு பாலிசியை எடுத்துக்கொள்ளுங்கள். "கட்டுவது 5 லட்சம், வருவது 9 லட்சம், கிட்டத்தட்ட டபுள்" என்று விற்பார்கள். ஐஆர்ஆர், அதாவது எப்போது கட்டியது, எப்போது வந்தது என்று பார்த்துப் போடுகிற உண்மையான வருட வருமான விகிதம், போட்டால் வருடத்துக்கு 5.3 சதவீதம்தான் தேறும். என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எக்செலில் இரண்டு நிமிடத்தில் போட்டுக் காட்டுவார்கள். ஊரில் இதை விற்கிற எத்தனை பேருக்கு அது தெரியும்?

ஏஆர்என்காரன்:
கணக்கு சரிதான் மேடம். ஆனால் அந்த பாலிசியை விற்றது வாடிக்கையாளருடைய மச்சான். வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "உங்க தம்பி போட்டுக் கொடுத்தது 5.3 சதவீதம்" என்று சொன்னால் காபி டம்ளர் காலியாவதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதை எப்படிப் பக்குவமாகச் சொல்வது, பாலிசியை முடித்துப் பணத்தை வாங்கி சரண்டர் பண்ணச் சொல்லலாமா, மேற்கொண்டு கட்டாமல் பெய்ட்-அப் ஆக்கி விட்டுவிடலாமா... இதெல்லாம் எந்த சிலபஸில் இருக்கிறது?

காமர்ஸ் மேடம்:
பக்குவம் தானாக வந்துவிடும். சரண்டரா பெய்ட்-அப்பா என்பது சிலபஸிலேயே இருக்கிறது! அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கேட்கிறேன். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிடுகிறார். மனைவி, ஒரு குழந்தை, வயதான அம்மா. ஃபண்டில் நாமினி மனைவி. பணம் யாருக்கு?

ஏஆர்என்காரன்:
நாமினிக்கு. படிவம் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். எத்தனையோ பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

காமர்ஸ் மேடம்:
மாற்றித் தருவார்கள், ஆனால் அது முழுவதும் அவருக்குச் சொந்தம் ஆகிவிடாது. ஃபண்ட், பங்கு விஷயத்தில் நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தைக் கையில் வாங்குபவர் மாதிரிதான். உச்ச நீதிமன்றம் பங்குகள் பற்றி 2023 டிசம்பரில் இதை உறுதியாகவே சொல்லிவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, ஆகவே மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. ஆயுள் காப்பீட்டில் கதை வேறு. 2015 திருத்தத்துக்குப் பிறகு மனைவி, பிள்ளைகள், பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். இந்த வித்தியாசம் தெரியாமல் எத்தனை வீட்டில் மாமியாரும் மருமகளும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள்! வரி, வாரிசுரிமை, காப்பீடு, ஓய்வுக்காலம் எல்லாவற்றையும் ஒரே குடும்பத்தின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லித்தருவது இந்தப் படிப்புதான். பி.காமில் இவை தனித்தனிப் பேப்பர், அதுவும் எல்லாம் இருக்காது.

டார்கெட் தம்பி:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். இதே மாதிரி கோர்ஸ்தான் படித்தேன். கேம்பஸில் ஒரு தனியார் வங்கி எடுத்தது, பதவி ரிலேஷன்ஷிப் மேனேஜர். மேடம் சொல்கிற ஐஆர்ஆர் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே மாதக் கடைசியில் அந்த 5.3 சதவீத பாலிசியைத்தான் விற்கிறேன். தெரியாமல் விற்கிறவனுக்கு ராத்திரி தூக்கமாவது வரும்.

மெல்பர்ன்வாசி:
ஆஸ்திரேலியாவில் இந்தச் சண்டையைச் சட்டம் போட்டே முடித்துவிட்டார்கள். இங்கே வங்கிகள் இறந்துபோன வாடிக்கையாளர்களிடம்கூட ஆலோசனைக் கட்டணம் பிடித்தது நிதித்துறையை விசாரித்த ஹேய்ன் ஆணையத்தில் அம்பலமானது. 2019 ஜனவரியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டம், தேசியத் தேர்வு, மேற்பார்வையில் ஒரு வருட வேலை எல்லாம் கட்டாயம். என் அனுபவத்தில் ஆலோசகர்களின் தரம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறியிருக்கிறது.

ஏஆர்என்காரன்:
மீதிக் கதையையும் சொல்லுங்கள் சார். சுமார் 28,000 ஆலோசகர்கள் இருந்த நாட்டில் இப்போது 16,000 பேர்கூட இல்லை. கட்டணம் ஏறி, நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆலோசனையே எட்டாக்கனி ஆகிவிட்டது. கடைசியில் பத்து வருட அனுபவம் உள்ள பழைய ஆட்களுக்குப் பட்டத்திலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நம் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியும் அதே பக்கம்தான் போகிறது. என்னைப் போலக் கமிஷன் வாங்காமல் வாடிக்கையாளரிடமே ஃபீஸ் வாங்குகிற பதிவுபெற்ற ஆலோசகர் ஆக முன்பு முதுகலையோ தொழில்முறைத் தகுதியோ வேண்டும், மேலே ஐந்து வருட அனுபவமும் கேட்டார்கள். 2024 டிசம்பரில் அனுபவத்தையே எடுத்துவிட்டார்கள். இளங்கலைப் பட்டமும் என்ஐஎஸ்எம் 10-ஏ, 10-பி தேர்வுகளும் போதும்.

காமர்ஸ் மேடம்:
நீங்களே எனக்கு பாயிண்ட் எடுத்துக் கொடுக்கிறீர்கள். முன்பு படித்து முடித்தாலும் ஐந்து வருடம் எங்கேயாவது விற்பனையில் கிடந்துதான் ஆலோசகர் ஆக முடியும். இப்போது இருபத்தோரு வயதிலேயே பதிவு செய்யலாம். அனுபவம் கேட்காத இடத்தில் அவனிடம் இருப்பது கல்லூரியில் கற்றது மட்டும்தானே? அதையும் அரைகுறையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

ஏஆர்என்காரன்:
பதிவு செய்யலாம், யார் ஃபீஸ் கொடுப்பார்கள்? தன் மகன் வயசுப் பையனிடம் ரிட்டயர்மென்ட் பணத்தைப் பற்றி யார் பேசுவார்கள்? நூற்று நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டில் செபியில் பதிவுபெற்ற ஆலோசகர்கள் ஆயிரத்தைச் சுற்றித்தான். சந்தை அவ்வளவுதான்.

பிளஸ்டூ அப்பா:
நீங்கள் இரண்டு பேரும் பேசப் பேச எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. பி.காம் சேர்த்துவிட்டு, கூடவே சிஎஃப்பி என்கிற நிதித் திட்டமிடல் சான்றிதழுக்கான தேர்வுகளை எழுத வைத்தால்?

காமர்ஸ் மேடம்:
நல்ல யோசனை சார், நானே அதைத்தான் சொல்லவிருந்தேன். தேர்வு எழுதினால் மட்டும் அந்த மூன்றெழுத்து கிடைக்காது, பட்டமும் வேலை அனுபவமும் காட்ட வேண்டும். பையனுக்குத் தானாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் உண்டா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், மூன்றாம் வருடம் இன்டர்ன்ஷிப் எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். ஃபீஸ் வாங்கி ஆலோசனை சொல்கிறவரின் அலுவலகமா, பாலிசி விற்கிற வங்கிக் கிளையா என்பதில் இருக்கிறது விஷயம்.

ஏஆர்என்காரன்:
இதில் மேடத்தோடு சண்டை இல்லை. கூடவே, போன வருடம் வேலை கிடைத்த பிள்ளைகளின் ஆஃபர் லெட்டரில் என்ன பதவி போட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வாசல் பேனரில் போட்டிருக்கிற சம்பளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டார்கெட் தம்பி:
அந்த பேனரில் என் போட்டோவும் இருக்கும் சார். சம்பளத்தில் பாதி இன்சென்டிவ் என்று அதில் எழுத மாட்டார்கள்.