காலாங் ஆற்றின் கீழ்ப்பகுதி: குடியிருப்பாளர்களே முன்னெடுத்தால் என்ன?

நீர்நாய்நேசன்:
சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை எடுத்துவிட்டு, 3.2 கிலோமீட்டருக்கு வளைந்தோடும் ஆறாக்கி 2012ல் திறந்தார்கள். அதே காலாங் ஆறு கீழே வரவரப் பல இடங்களில் சுவருக்குள்தான் ஓடுகிறது. கரையோர அடுக்குமாடி புளோக்குகளில் இருக்கும் நாமே தண்ணீரைச் சோதித்து, உயிரினங்களைக் கணக்கெடுத்து, ஒரு திட்டத்தோடு, நீரையும் வடிகால்களையும் பார்த்துக்கொள்ளும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் போகலாமே?

பொத்தோங்பாசிர்_மாமா:
தம்பி, அந்தச் சுவரை அழகுக்காகக் கட்டவில்லை. 1978 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். பீஷானில் பக்கத்திலேயே பூங்கா இருந்தது. கனமழையில் ஆறு புல்வெளிமேல் பரவி, அப்புறம் வடிகிறது. இங்கே ஒருபக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக், மறுபக்கம் சாலை. புல்லும் கல்லும் நீரின் வேகத்தைக் குறைக்கும், அதனால் அதே மழையைக் கடத்த அகலம் வேண்டும். யார் வீட்டை இடிப்பது?

நீர்நாய்நேசன்:
முழுச் சுவரையும் உடைக்கச் சொல்லவில்லை மாமா. சுவரோரமாகத் திட்டு கட்டிச் செடி வைக்கலாம். நீர்நாய்களே திரும்பி வந்துவிட்டன, வேறென்ன சான்று வேண்டும்?

தட்டான்_பார்ப்பவள்:
எப்போது பார்த்தாலும் நீர்நாய்! அதற்கு மீன் கிடைத்தால் போதும், திலாப்பியா என்றாலும் சரி. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன். கணக்கெடுப்பதென்றால் கரையில் பறக்கும் தட்டானையும் எண்ணாதீர்கள், பக்கத்துக் குளத்திலிருந்துகூட வரும். தட்டான் குஞ்சு தண்ணீருக்குள் வளர்ந்து, செடித்தண்டில் ஏறித் தோலுரித்துவிட்டுத்தான் பறக்கிறது. அந்தக் காய்ந்த தோல் கிடைத்தால், இங்கேயே பிறந்தது என்று நம்பலாம். அடிச்சேற்றில் சிவப்புப் புழு மட்டுமே நெளிந்தால் ஆக்சிஜன் குறைவோ என்று சந்தேகப்படுங்கள். குறைந்த ஆக்சிஜனிலும் பிழைக்கும் ஜென்மம் அது. மழைக்கு மறுநாளும், மழையில்லாத வாரத்திலும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை டி-சட்டை மாட்டிக்கொண்டு படமெடுப்பது கணக்கெடுப்பு ஆகாது.

கயாக்காரன்:
அக்கா, தொண்டூழியர்களை மட்டம் தட்டாதீர்கள். ஆற்றில் குப்பை எடுக்கும் தொண்டூழியர் அமைப்பான வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி 1998 முதல் இருக்கிறது. குப்பை எடுக்கப் போகிறவன்தான் எந்த வடிகாலிலிருந்து எண்ணெய் வருகிறது என்று முதலில் பார்க்கிறான்.

தட்டான்_பார்ப்பவள்:
சரி, பார்த்ததைத் தேதி, இடம், மழை என்று எழுதி வைக்கிறானா?

பொத்தோங்பாசிர்_மாமா:
1977ல் பிரதமர் லீ குவான் இயூ ஆற்றைச் சுத்தமாக்கப் பத்தாண்டு கெடு வைத்தார். பன்றிப் பண்ணை, தெருக்கடை எல்லாம் அகற்றப்பட்டு 1987க்குள் ஆறு சுத்தமானது. எந்தக் குடியிருப்பாளர் குழு செய்தது?

நீர்நாய்நேசன்:
அதைத்தான் சொல்கிறேன். சுத்தம் வந்தது, ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் போய்விட்டார்கள். இப்போது கரையில் குடியிருப்பவனுக்கு அது வெறும் வடிகால்.

பொத்தோங்பாசிர்_மாமா:
செடி வைத்ததும் கொசு வருகிறதென்று நாடாளுமன்ற உறுப்பினரிடம் வரிசையில் நிற்பவனும் அவன்தான்.

தட்டான்_பார்ப்பவள்:
டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு பூத்தொட்டித் தட்டு மாதிரி தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும், ஓடும் ஆற்றில் அல்ல. திட்டில் குழி விழுந்து நீர் தேங்கினால் மட்டும் மாமா சொல்வது சரி.

பொத்தோங்பாசிர்_மாமா:
அந்தக் குழியை வாராவாரம் யார் பார்ப்பது? முதலில் பெயர்ப்பட்டியலைப் போடுங்கள். நான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்ப்போம்.