கிளாரினெட்டில் துளையை மூடும் மெத்தை (பேட்) ஒரு பக்கம் மட்டும் மூடவில்லை, என்ன செய்யலாம்?

வணக்கம். என் கிளாரினெட்டில் கீழ் ஸ்தாயி எழும்பவே மாட்டேன் என்கிறது. அழுத்தி ஊதினால் கீச்சென்று கத்துகிறது. ரீடை (ஊதும்போது அதிரும் நாணல் பட்டையை) மாற்றிப் பார்த்தாயிற்று, அது காரணமில்லை. மேல் பாகத்தின் துளைகளை எல்லாம் மூடி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து உறிஞ்சினால் காற்று நிற்கிறது. கீழ் பாகத்தில் நிற்கவில்லை.

அப்புறம் சிகரெட் தாளைச் சன்னமான பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பேடுக்கும் அடியில் வைத்து, லேசாக மூடி இழுத்துப் பார்த்தேன். வலது சுண்டுவிரலால் மூடும் பெரிய பேடில் கீல் பக்கம் தாள் பிடிக்கிறது, எதிர்ப்பக்கம் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. பேடின் தோல் கிழியவில்லை. ஸ்பிரிங்கும் சரியாகத்தான் இருக்கிறது.

பேட் ஒட்டியிருக்கும் உலோகக் கப்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, பேடைச் சமன்செய்யலாம் என்பது தெரியும். ஆனால் உடல் பிளாஸ்டிக். லைட்டர் சுடரை அருகில் கொண்டுபோகப் பயமாக இருக்கிறது. கழற்றித்தான் சூடாக்க வேண்டுமா? கழற்றினால் துளையோடு சமமாக உட்காருகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கப்புக்குள் இருக்கும் பசை அரக்கா, ஹாட் குளூவா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

கீயை (கப்பைத் தாங்கும் உலோக நெம்புகோலை) வளைக்கச் சொல்லிவிடாதீர்கள், அவ்வளவு துணிச்சல் எனக்கில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.