ஹோர்னோ: இடம் மாற்றப்பட்ட ஓர் ஊர்

மடற்குழு உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரின் வரலாற்றைத் தொகுப்பது பற்றி இங்கே பேச்சு நடந்தபோது, நான் இருக்கும் கொட்புஸ் நகரத்துக்கு அருகில் உள்ள ஓர் ஊரைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அந்த ஊர் ஹோர்னோ. கொஞ்சம் நீளமான மடல், பொறுமையாகப் படியுங்கள்.

கொட்புஸ் இருப்பது ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், லவுசிட்ஸ் என்ற பகுதியில். மணல் பூமி. எந்தப் பக்கம் போனாலும் பைன் காடு, நடுநடுவே குளங்கள், கம்பு போலத் தாக்குப்பிடிக்கும் ரை பயிர் விளையும் வயல்கள். இன்னும் கிழக்கே போனால் நைஸ்ஸ ஆறு; ஆற்றைத் தாண்டினால் போலந்து. இந்தத் தட்டையான நிலத்தில் ஹோர்னோ சற்று உயரமான மேட்டில் இருந்தது. நடுவில் பொது மந்தைவெளி, அதைச் சுற்றி வீடுகள், கற்களால் கட்டிய பழைய தேவாலயம் என்று பார்த்தவுடன் மனதில் பதியும் அமைப்பு. 650 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஊர். கடைசிக் காலத்தில் சுமார் 350 பேர் வாழ்ந்தார்கள்.

ஊர் மக்களில் பலர் சோர்பியர் வழி வந்தவர்கள். ஜெர்மானியர்கள் குடியேறுவதற்கு முன்பே இங்கே வந்து தங்கிவிட்ட ஸ்லாவிய இனம் அது. கொட்புஸ் பக்கம் வெண்டியர் என்றும் சொல்வார்கள். அவர்களுக்குத் தனி மொழி உண்டு. அந்த மொழியில் ஹோர்னோவின் பெயர் ரோகோவ். கொட்புஸ் தெருக்களில் இன்றும் பெயர்ப்பலகை இரண்டு மொழியில்தான் இருக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் வரும் சபூஸ்ட் விழாவில், பெண்கள் பூவேலை செய்த பாவாடையும் அகலமாக விரிந்த தலைத்துணியும் அணிந்து வாத்தியக்காரர்களோடு தெருத்தெருவாகப் போவார்கள். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

அப்புறம் பிரச்சினைக்கு வருகிறேன். இந்தப் பகுதி முழுக்க மண்ணுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி. நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே கரிதான். இங்கே அதை நிலத்தடிச் சுரங்கம் தோண்டி எடுப்பதில்லை. மேல்மண் முழுவதையும் அகற்றிவிட்டுத் திறந்தவெளிச் சுரங்கமாக வெட்டுகிறார்கள். அதற்கு முன்னால் நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மண்ணை அள்ளி மறுபக்கம் கொட்டுவதற்கு எஃப் 60 என்ற இயந்திரப் பாலம் உண்டு. அரை கிலோமீட்டர் நீளம், 60 மீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்கும். குழியின் விளிம்பில் நின்று பார்த்தால் அது நகர்வதே தெரியாது. ஆனால் நாளுக்கு நாள் ஊரை நெருங்கிக்கொண்டே இருக்கும். வழியில் காடு, வயல், வீடு, இடுகாடு எதையும் அது விட்டுவைக்காது. லவுசிட்ஸில் 1924 முதல் 130-க்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படி முழுவதுமாகவோ பகுதியாகவோ போயிருக்கின்றன. இடம்பெயர்ந்தவர்கள் ஏறத்தாழ 25,000 பேர்.

ஹோர்னோவின் மீது கண் விழுந்தது கிழக்கு ஜெர்மனி ஆட்சியில், 1977-இல். பக்கத்தில் யென்ஷ்வால்டெ அனல்மின் நிலையம் எழுந்துகொண்டிருந்தது, 3000 மெகாவாட். அதற்குக் கரி வேண்டும். அந்த ஆட்சியில் எதிர்த்துப் பேச வழியே இல்லை. 1989-இல் பெர்லின் சுவர் விழுந்து ஆட்சியும் மாறியபோது, இனி நம் ஊர் பிழைத்துவிடும் என்று மக்கள் நம்பினார்கள். நம்புவதற்குக் காரணமும் இருந்தது. ஹோர்னோ இருந்த பிராண்டன்பர்க் மாநிலம் 1992-இல் இயற்றிய அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, சோர்பியர்களின் பாரம்பரிய வாழிடத்தைப் பாதுகாக்கும் உரிமையை எழுத்திலேயே தந்தது.

ஆனால் அடுத்த ஆண்டே மாநில அமைச்சரவை ஹோர்னோவைச் சுரங்கத்துக்குக் கொடுக்க முடிவெடுத்தது. 1997-இல் அதற்கென்றே ஒரு சட்டம். ஊராட்சியையே கலைத்துவிடும் சட்டம். ஊர் மக்கள் மாநில அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1998-இல் தீர்ப்பு வந்தது: வாழிடப் பாதுகாப்பு என்பது அரசு கருத்தில் கொள்ள வேண்டிய இலக்குதான், மாற்ற முடியாத தடை அல்ல என்று. ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் போனார்கள். 2000-இல் அங்கேயும் மனு ஏற்கப்படவில்லை. எனக்கு இந்தத் தீர்ப்பை ஏற்க மனம் வரவில்லை. ஒரு சிறுபான்மை மக்களுக்குக் கொடுத்த வாக்கு, தேவைப்படும் நேரத்தில் நிற்காது என்றால் அதை எழுதி வைத்து என்ன பயன்?

இதற்குப் பிறகு ஹோர்னோக்காரர்கள் செய்ததுதான் நம் சங்கத்தார் கவனிக்க வேண்டியது. தனித்தனியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போகலாம் என்ற வழி அவர்களுக்கு இருந்தது. அவர்கள் அதற்கு உடன்படவில்லை. போவதானால் ஊராகவே போவோம் என்று நின்றார்கள். தெற்கே இருக்கும் ஃபோர்ஸ்ட் நகரத்தின் ஓரத்தில் ஒய்லோ பக்கம் இடத்தைத் தேர்ந்தெடுத்து, வீடுகள், தேவாலயம், குளம், பொது வெளி எல்லாம் சேர்ந்த ஒரே ஊராகக் கட்டித் தர வேண்டும் என்று பேசி வாங்கினார்கள். 2003 வாக்கில் குடிபெயர்வு தொடங்கியது. இடுகாட்டில் இருந்தவர்களின் எச்சங்களையும் எடுத்து வந்து புதிய இடத்தில் அடக்கம் செய்தார்கள். பழைய தேவாலயத்தை 2004 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஒரு முதிய தம்பதி மட்டும் வீட்டையும் தோட்டத்தையும் விட மறுத்து, சுற்றிலும் எல்லாம் இடிந்த பிறகும் 2005 வரை அங்கேயே இருந்தார்கள்.

புதிய ஹோர்னோவைப் போய்ப் பார்த்தேன். சுத்தமான வீடுகள், நேரான வேலிகள், வசதிக்குக் குறைவில்லை. மரங்கள்தான் இளசு. பழைய ஊரில் மூன்று தலைமுறை பார்த்த மரத்தை எந்த இழப்பீட்டாலும் நட்டுத் தர முடியாது. ஆனாலும் தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி நின்று பேசுகிறார்கள். அந்த உறவு சிதறாமல் காப்பாற்றப்பட்டிருக்கிறது. அது அவர்கள் பிடிவாதத்தால் வந்தது, யாரும் தானாகக் கொடுத்ததில்லை.

அங்கே 2006-இல் திறந்த ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. மறைந்த ஊர்களுக்கான காப்பகம். ஹோர்னோவுக்கு மட்டும் அல்ல, லவுசிட்ஸில் கரிக்காகப் போன எல்லா ஊருக்கும் சேர்த்து. தரை முழுக்க விரித்த கம்பளமே அந்தப் பகுதியின் வரைபடம். வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனர் போன்ற கருவி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போய் ஓர் ஊரின் மேல் நிறுத்தினால், அந்த ஊரின் விவரம் திரையில் வரும். இல்லாத ஊரின் மேல் காலை வைத்து நிற்கும்போது மனது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது.

ஹோர்னோவை விழுங்கிய யென்ஷ்வால்டெ சுரங்கத்தை வடக்கே நீட்டுவதாக இருந்த திட்டத்தில் அட்டர்வாஷ், கெர்க்விட்ஸ், கிராப்கோ என்ற மூன்று ஊர்கள் போக வேண்டியிருந்தது. 2017-இல் சுரங்க நிறுவனம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது, மூன்றும் தப்பின. அந்தச் சுரங்கத்திலும் 2023 கடைசியோடு கரி எடுப்பது நின்றுவிட்டது. ஹோர்னோ இருந்த மேடு இப்போது இல்லை.

நம் தொகுப்பு விஷயத்தில் என் யோசனை இதுதான்: கோயில் வரலாறும் பெரிய மனிதர்கள் பட்டியலும் இருக்கட்டும், அதோடு எந்தக் காட்டுக்கு என்ன பெயர், எந்தக் கிணறு யாருடையது, எந்த வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வீடு என்பதையும் வரைபடமாக எழுதி வைப்போம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. ஊரில் இருப்பவர்கள் யாராவது தெருவாரியாகத் தொடங்கினால், வரைபடத்தைக் கணினியில் ஏற்றும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். பெர்லின் பக்கம் வருகிறவர்கள் சொல்லுங்கள். கொட்புஸிலிருந்து ஃபோர்ஸ்ட்டுக்கு ரயில் இருக்கிறது, கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.