வரைபடத்தில் 400 கி.மீ., சாலையில் 520 கி.மீ.: பயண நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி:
வணக்கம். நான் செல்லவேண்டிய நகரத்துக்கு வான்வழியாக 400 கி.மீ., சாலைவழியாக 520 கி.மீ. என்றும், விமானத்தில் அரை மணி நேரம், காரில் ஆறரை மணி நேரம் ஆகும் என்றும் ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. விமான அட்டவணையிலோ அதே பயணத்துக்கு ஒரு மணி பத்து நிமிடம் போட்டிருக்கிறார்கள். வயதான பெற்றோரை அழைத்துச் செல்வதால் நேரக் கணக்கு தவறிவிடக் கூடாது. எதை நம்புவது?

பதில் 1:
அட்டவணையை நம்புங்கள். பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, இரு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து பெறப்படும் மிகக் குறுகிய தொலைவுதான் அந்த 400 கி.மீ. அதை மணிக்கு 800 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் அரை மணி நேரம் வந்துவிடும். ஆனால் விமானம் அந்த வேகத்தை உயரத்துக்குச் சென்ற பிறகே எட்டுகிறது; குறுகிய பயணத்தில் பெரும்பகுதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே கழிந்துவிடும். அட்டவணை நேரமோ, விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் சென்றடைந்த இடத்தில் நிற்பது வரையிலான முழு நேரம்.

பதில் 2:
சாலைக் கணக்கிலும் இதே பிழை இருக்கிறது. 520 கி.மீ.யை 80 கி.மீ. வேகத்தால் வகுத்திருக்கிறார்கள். 400 கி.மீ. நெடுஞ்சாலையில் அந்த வேகம் கிடைத்து, மீதமுள்ள 120 கி.மீ. ஊர்களுக்குள்ளும் மலைப்பாதையிலும் 40 கி.மீ. வேகத்தில் போகவேண்டியிருந்தால், 5 மணியும் 3 மணியும் சேர்ந்து 8 மணி நேரம் ஆகிவிடும். ஆகவே வழியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். பெரியவர்கள் காலை நீட்டி நடக்க 20 நிமிடம் வீதம் மூன்று முறையாவது நிறுத்துவீர்கள் என்பதால் 9 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திரும்பி வரும் விமானத்துக்கு 10 நிமிடம் குறைவாகப் போட்டிருக்கிறார்கள். தூரம் ஒன்றுதானே?

பதில் 1:
தூரம் ஒன்றுதான், காற்று வேறு. ஜெட் விமானங்கள் பறக்கும் உயரத்தில் பல பகுதிகளில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசும். லண்டனிலிருந்து நியூயார்க்குக்குச் சுமார் 8 மணி நேரம் எடுக்கும் விமானம், திரும்பி வரும்போது ஏறத்தாழ 7 மணி நேரத்தில் வந்துவிடுவதற்கு அதுவே முக்கியக் காரணம். உங்கள் தொலைவுக்குக் காற்றின் பங்கு சிறியது. ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நேரமும் எந்தத் திசையில் தரையிறங்க அனுமதி கிடைக்கிறது என்பதும் அதே அளவுக்கு வித்தியாசம் செய்யும்.

பதில் 3:
வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுங்கள். விமான நிலையம் போக ஒரு மணி, செக்-இன்னுக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் இரண்டு மணி, பயணம் ஒரு மணி பத்து நிமிடம், பெட்டிகள் வர அரை மணி, அங்கிருந்து ஊருக்குள் செல்ல ஒரு மணி என்று வைத்தால் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். காரைவிட மூன்று மணிக்குமேல் மிச்சம். பெற்றோருக்குச் சக்கர நாற்காலி தேவைப்பட்டால், பயணச்சீட்டு எடுக்கும்போதே மறக்காமல் பதிவு செய்துவிடுங்கள்.